பத்து ராகங்களும் எட்டுப் பாட்டுகளும்

ஆண்டுதோறும் தை பிறந்தபின் ஒரு சனிக்கிழமையை வேடந்தாங்கலுக்கென ஒதுக்கிவைப்பது எங்கள் மூவருக்கும் ஏறத்தாழ இருபதாண்டுப் பழக்கம். மூவரும் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். பறவையியல் அறிந்தவர்கள் அல்லர். அரிவாள் மூக்கனையும் கரண்டிவாயனையும் அலகைக் கொண்டு பிரித்தறிவோம். அதற்கு மேல் எங்கள் புலமை செல்லாது. வெயில் தாழக் கரைக்குப் போய், நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களைப் பார்த்தபடி நடப்போம். ஐந்தரை மணிக்கு மேல், இரை தேடிப் போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்பத் தொடங்கும்போது பேச்சை நிறுத்திவிடுவோம். அந்நேரத்து ஓசையைக் கேட்டவர்கள் அறிவார்கள். அது பாட்டன்று, குயிலையும் மைனாவையும் நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயிரக்கணக்கான தொண்டைகளிலிருந்து எழும் ஒரே இரைச்சல், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நிற்கும். நத்தைக்குத்தி நாரைக்குக் குரல் என்று சொல்லத்தக்கது இல்லை. அலகை அலகோடு தட்டித்தான் தன் துணையோடு பேசும். அந்தத் தட்டல் நூறு மரங்களில் ஒரே வேளையில் நிகழும். கால் மணி நேரம் காது கொடுத்தால் இரைச்சலுக்குள் அடுக்குகள் பிரியும். அரை மணி நேரம் கொடுத்தால் நேரம் போனதே தெரியாது.

இவ்வாண்டு அங்கே போகும் வழியில் நேர்ந்ததைத்தான் எழுத வந்தோம். செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் பெருஞ்சாலையை விட்டு வலப்புறம் திரும்பியதும், எங்களுள் இளையவர் தம் கைபேசியிலிருந்து ஒன்றை ஒலிக்கவிட்டார். அடியில் சற்றும் தளராத ஓர் இயந்திரத் தாளம். அதன்மேல் மண்புழுபோல் நெளிந்து ஊரும் தடித்த தாழ்குரல் ஒன்று. கருவி எதுவென்று பிடிபடவில்லை. அதற்கும் மேலே, ஐயத்துக்கு இடமின்றி, மாயாமாளவகௌளை. மூத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது எந்தப் பையன் போட்டது? போன வருஷம் வந்ததா?" என்று கேட்டார்.

"1982," என்றார் இளையவர்.

சரண்ஜித் சிங் என்னும் பெயரை நாங்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். 2015 ஜூலையில் அவர் மும்பையில் காலமானபோது வந்த இரங்கல் குறிப்பு ஒன்றை எங்களுள் ஒருவர் மற்ற இருவருக்கும் அனுப்பியிருந்தார். படித்தோம், வருந்தினோம், ஆனால் கேட்கவில்லை. இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த நோய் உண்டு. ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டால் அதையே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வோம்.

அவர் பம்பாய்த் திரையிசையின் பின்னணிக் கலைஞர். ஆர்.டி. பர்மன் போன்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிதாரும் விசைப்பலகையும் வாசித்தவர். தம் குழுவோடு திருமண வரவேற்புகளிலும் வாசித்தவர். திரைப்பாட்டுத் தட்டுகளின் பின்புறத்தில்கூடப் பெயர் வராத எத்தனையோ பேருள் ஒருவர். புதுக் கருவிகளின் மேல் அவருக்குத் தீராத ஆசை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அந்நாளில் வெளியிட்டிருந்த மூன்று கருவிகள் அவர் கைக்கு வந்தன: ஜூபிட்டர்-8 என்னும் சிந்தசைசர், டிஆர்-808 என்னும் தாளப் பெட்டி, டிபி-303 என்னும் சிறு வெள்ளிநிறப் பெட்டி. அப்போது இந்தித் திரையுலகெங்கும் டிஸ்கோ. சரண்ஜித் சிங் தாளப் பெட்டியில் டிஸ்கோ அடியை ஓடவிட்டு, தபலாவை விலக்கிவிட்டு, மேலே ராகங்களை வாசித்தார். பைரவில் தொடங்கிப் பைராகியில் முடியும் பத்து ராகங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். 1982-இல் பதிவான இத்தொகுப்பை எச்.எம்.வி. இசைத்தட்டாக வெளியிட்டது. 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பெயர். தலைப்பில் மறைபொருள் ஏதுமில்லை. உள்ளே இருப்பதை அப்படியே சொல்லும் கடைக்காரரின் நேர்மை.

தட்டு விற்கவில்லை. ராகம் கேட்பவர்களுக்கு அதில் தாளம் உறுத்தியது. ஆட வந்தவர்களுக்கு அதில் பாட்டு இல்லை. அவர் மறுபடி தம் பணிக்குத் திரும்பிவிட்டார்.

அந்த வெள்ளிநிறப் பெட்டியின் கதை தனி. டிபி-303 தனியாக வாசித்துப் பழகும் கிதார் கலைஞருக்குத் துணையாக, தாழ்சுரக் கிதாரின் இடத்தை நிரப்புவதற்கென்று 1981-இல் வந்த கருவி. ஆனால் அதன் ஒலி எந்தக் கிதாரையும் ஒத்திருக்கவில்லை. பயன்படுத்தவும் கடினம். பதினாறு படிகள் கொண்ட ஒரு வரிசையில் ஒவ்வொரு சுரமாக எழுதிவைக்க வேண்டும். எந்தச் சுரத்துக்கு அழுத்தம், எது அடுத்ததற்குள் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதையும் குறிக்க வேண்டும். பின்பு அது அதையே ஓயாமல் சுற்றிச் சுற்றி வாசிக்கும்; நாம் குமிழ்களைத் திருகி அதன் குரலை மூடலாம், திறக்கலாம். வாங்குவார் இன்றி 1984-இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடந்த அதனைச் சிகாகோ நகரத்து இளைஞர்கள் வாங்கிக் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகிப் பார்த்தார்கள். ஃபியூச்சர் என்னும் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987-இல் வெளிவந்தது. அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்றொரு வகை பிறந்தது. அடுத்த பத்தாண்டில் ஜெர்மனியில் டிரான்ஸ் என்றும், அஞ்சுனா கடற்கரையில் வெள்ளைக்காரப் பரதேசிகள் விடியவிடிய ஆடிய ஆட்டத்திலிருந்து கோவா டிரான்ஸ் என்றும் கிளைகள் விட்டன. எல்லாவற்றுள்ளும் அந்தப் பெட்டியின் நெளிவு இருக்கிறது.

2002-இல் எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர், பழைய இந்திய இசைத்தட்டுகளைத் தேடித் திரிபவர், தில்லியில் ஒரு கடையில் இத்தட்டைக் கண்டெடுத்தார். கேட்டவர் திகைத்தார். சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்னரே, அதே பெட்டி, அதே நெளிவு, பம்பாயில். அவர் சரண்ஜித் சிங்கைத் தேடிச் சென்று கண்டார். 2010-இல் தட்டை மறுபதிப்பாக வெளியிட்டார். உலகம் நம்ப மறுத்தது. ஐரோப்பிய இசைக்காரர் எவரோ செய்த குறும்பு என்றே பலர் எழுதினர். பிறகு அந்த எழுபது வயதுக்காரர் ஐரோப்பிய மேடைகளில் நின்று அதே ராகங்களை வாசித்துக் காட்டியபின் வாயடைத்தனர். ஒரு கலைஞருக்குப் பெயர் வாங்கித் தந்த தொகுப்பு, வெளிவந்த இருபத்தெட்டாம் ஆண்டில் அப்பெயரை வாங்கித் தந்தது.

ஆசிட் ஹவுஸை இந்தியரே கண்டுபிடித்தார் என்று மார்தட்டிக்கொள்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சிகாகோ இளைஞர்கள் அவரைக் கேட்டதில்லை. அவரும் அவர்களை அறியார். எங்களுக்கு வியப்பாயிருந்தது வேறொன்று. காலையில் தம்பூரா எதற்கு மீட்டப்படுகிறது? நாலு தந்திகளின் ஒரே சுற்றைக் கச்சேரி முடியும்வரை மாற்றமின்றி மீட்டுகிறார் ஒருவர். அவருக்கு உணர்ச்சி வெளிப்பாடு விதிக்கப்படவில்லை. தாளமும் சுற்றித்தான் வருகிறது. அசையாத அந்தத் தரையின் மேல்தான் ராகம் அசைகிறது. சரண்ஜித் சிங் தம்பூராக்காரரின் இருக்கையில் ஒரு பெட்டியை உட்காரவைத்தார், அவ்வளவே. பூபாளியில், நம் மோகனத்தில், பெட்டி ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் செல்லும்போது எங்கள் மூத்தவரே ஸ்டியரிங்கில் விரல் தட்டத் தொடங்கிவிட்டார். கல்யாணியை அவர்கள் யமன் என்பார்கள், இந்தோளத்தை மால்கௌன்ஸ் என்பார்கள் என்று எங்களுக்கு வகுப்பும் எடுத்தார்.

அப்போதுதான் பின்னிருக்கையிலிருந்து எங்கள் தோழி சொன்னார்: "நம்ம பையன் குடுத்த சிடி இதேபோலத்தானே இருந்துச்சு?"

வண்டிக்குள் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அது 2006. நாங்கள் மூவரும் முப்பதைத் தொடாதவர்கள். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள். ஆகவே முதியவர்களைக் காட்டிலும் கடுமையான தீர்ப்பு வழங்குபவர்கள். முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவன். ஊர் வேடந்தாங்கலுக்கு அருகே. தந்தை பம்பைக்காரர், அங்காளம்மன், மாரியம்மன் கோயில்களில் அம்மனை வர்ணித்துப் பாடி அழைக்கும் குழுவில் பம்பையும் உடுக்கையும் வாசிப்பவர். மகன் மதுராந்தகத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் மாலைவேளை வேலை பார்த்து, இரவில் அங்கேயே ஏதோ மென்பொருளில் இசையமைத்துக்கொண்டிருந்தான். ரீபர்த் என்று ஒரு மென்பொருள். 303, 808 பெட்டிகளைக் கணினித் திரையில் அப்படியே உருவாக்கிக் காட்டுவது. 2005-இல் அதை உருவாக்கியவர்கள் இலவசமாக்கிவிட்டார்கள் என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று அவன் சொன்னபோது எங்கள் காதில் ஏறவில்லை.

ஒருநாள் துறை அறைக்கு வந்தான். கையில் ஒரு குறுந்தகடு. உறையில் பேனாவால், 'மருள் - எட்டுப் பாட்டுகள்' என்று எழுதியிருந்தான். தன் ஆய்வேட்டுக்கும் அதையே பொருளாகக் கொள்ள விரும்பினான். சங்கப் பாடல்களில் வரும் வெறியாட்டு, தன் ஊரில் பம்பை கேட்டு அருள் வந்து ஆடுவது, மேல்நாட்டில் டிரான்ஸ் என்ற பெயரில் ஆடுவது: மூன்றிலும் தாளம் என்ன செய்கிறது என்பதே அவன் கேள்வி. ஒரு விஷயத்தை அவன் விளக்கிச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரலால் நெரித்தால் அதன் குரல் மேலேறும், தளர்த்தினால் இறங்கும். அந்தப் பெட்டியின் வழுக்கலும் அதுவேதான் என்றான். "ஐயா, எங்கப்பா கையால பண்றத அது கரண்ட்ல பண்ணுதுய்யா" என்றான்.

நாங்கள் குறுந்தகட்டைத் துறைக் கணினியில் போட்டோம். மூன்று நிமிடம் கேட்டோம். ஒருவர் எழுந்து நிறுத்தினார். யார் நிறுத்தினார், யார் பேசினார் என்பது இக்கட்டுரைக்குத் தேவையில்லை; குற்றம் பொது. சொன்னது இதுதான்: "தம்பி, இதுல இயந்திரம் மட்டுந்தான் இருக்கு. பாவம் இல்ல, மனுஷன் இல்ல. வெறியாட்டைக் கொண்டுபோய் டிஸ்கோவோட சேர்க்காதே. வேற நல்ல தலைப்பாப் பாரு." அவன் "சரிங்கய்யா" என்றான். அகநூல்களில் விலங்குகள் பற்றியோ என்னவோ எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, போய்விட்டான். தகட்டைத் திருப்பிக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. அலமாரியில் கிடந்தது. துறை வேறு கட்டடத்துக்கு மாறியபோது பழைய தாள்களோடு போயிருக்க வேண்டும்.

வெறியாட்டை நாங்கள் ஆண்டுதோறும் நடத்துகிறோம். தலைவிக்கு மெலிவு வந்திருக்கும். தாய் கலங்கி வேலனை அழைப்பாள். அவன் களம் இழைத்து, கழங்கு பார்த்து, இது முருகனால் வந்த நோய் என்று உறுதியாகச் சொல்வான். நோய்க்குக் காரணம் மலைநாடன் ஒருவன் என்பது தோழிக்குத் தெரியும், படிக்கிற நமக்குத் தெரியும். வேலனுக்கு மட்டும் தெரியாது. இந்த இடத்தில் மாணவர்கள் சிரிப்பார்கள், நாங்களும் சிரிப்போம். வேலன் சடங்கு முறைகளில் ஒன்றும் தவறவில்லை என்பதை நாங்கள் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. அவனுடைய கல்வி முழுமையானது, ஆள்தான் தவறிப்போனது.

ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இலண்டனில் வளர்ந்த எம்.ஐ.ஏ. என்னும் மாயா அருள்பிரகாசம், 2007-இல் வெளியிட்ட 'கலா' தொகுப்புக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களைக் கொண்டு பதிவு செய்தார். தந்தையின் இயக்கப் பெயர் முதல் தொகுப்புக்கு, தாயின் பெயர் இரண்டாம் தொகுப்புக்கு. அதிலுள்ள ஒரு பாட்டுக்குப் 'பறவைக் காய்ச்சல்' என்று பொருள்படும் தலைப்பு; வேடந்தாங்கலில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். உலகெங்கும் அத்தொகுப்பைக் கொண்டாடியபோது நாங்களும் பெருமிதத்தோடு பேசிக்கொண்டோம். நாட்டார் தாளம் உலக அரங்கம் ஏறிவிட்டது என்று ஒரு கருத்தரங்கில் கட்டுரையும் வாசித்தோம். அலமாரியில் இருந்த தகடு அப்போது எங்கள் நினைவுக்கு வரவே இல்லை என்பதை இன்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாயிருக்கிறது.

அன்று மாலை ஏரிக்கரையில் எங்களுக்குப் பறவைகள் மேல் மனம் செல்லவில்லை. கூழைக்கடாக்கள் கனத்த உடம்போடு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இந்த ஊரார் இப்பறவைகளைக் காத்த கதையைப் பள்ளிப்பாடத்தில் படித்திருப்பீர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள். வெள்ளைச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் லயனல் பிளேஸ் காலத்தில் எழுத்து வாங்கினார்கள். இன்றுவரை தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிறர் இரைச்சல் என்று சொல்வதை ஓர் ஊரே கேட்டுக்கொண்டு, தன் சத்தத்தை அடக்கிக்கொண்டிருக்கிறது. அவ்வூர்ப் பக்கத்துப் பையனிடமா நாங்கள் காது வைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தோம்!

அவனைக் கண்டுபிடிப்பது கடினமாயில்லை. கரையோரத் தேநீர்க் கடையில் பம்பைக்காரர் பெயரைச் சொன்னதும் மகனுடைய கைபேசி எண்ணே கிடைத்தது. ஒலி-ஒளி அமைப்பு வைத்திருக்கிறானாம். கூப்பிட்டபோது குரலை அடையாளம் கண்டு, "ஐயா! அம்மாவும் வந்திருக்காங்களா?" என்றான். இன்று ஊரில் இல்லை, மாசியில் மயானக் கொள்ளைக்கு வாருங்கள் என்றான். போனோம்.

ஏரியிலிருந்து சில கல் தொலைவில் ஒரு சிற்றூர். அங்காளம்மன் கோயில் திடலில் மதியம் மூன்று மணிக்குச் சவுக்குக் கம்பங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பதை நெருங்கிய, தொப்பை விழுந்த ஒருவர் மூங்கில் ஏணியிலிருந்து இறங்கிவந்து கும்பிட்டார். அவன் என்று எழுதிக்கொண்டு வந்தோம். இனி அவர் என்றே எழுத வேண்டும். பறவைகள் இருக்கும் மாதங்களில் ஏரிப்பக்கத்து விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவதில்லையாம். "வருமானம் கொஞ்சம் போகும், போகட்டும்யா" என்றார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சரண்ஜித் சிங்கைப் பற்றிச் சொன்னோம். அவர் எல்லாம் அறிந்திருந்தார். 2010-இல் மறுபதிப்பு வந்தபோதே கேட்டுவிட்டாராம். "அவரு பெரிய ஆளுய்யா. கலாவதி ராகம், நம்ம வலஜி, அதுல அந்தப் பெட்டிய அடக்கி வெச்சிருப்பாரு பாருங்க. நான் அப்ப எல்லாத்தையும் தொறந்து உட்டுட்டேன். சின்ன வயசு."

எங்களுள் ஒருவர் துணிந்து கேட்டார். "தம்பி, அந்த எட்டுப் பாட்டு இப்ப உங்ககிட்ட இருக்கா?"

"இருக்காவா? பத்தொம்பது வருஷமா அதத்தான்யா போட்டுக்கிட்டிருக்கேன்."

விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஒலிபெருக்கி கட்டியதும் எல்லாம் சரியாக ஒலிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தாழ்குரல் அதிர்கிறதா, மேல்குரல் கிழிகிறதா என்று பார்க்க, அடியும் நுனியும் உள்ள ஓசை வேண்டும். திரைப்பாட்டுகளில் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அழுத்தி வைத்திருப்பார்கள், சோதனைக்கு உதவாது. ஆகவே தம் பாட்டுகளையே போடுகிறார். சுற்றுவட்டாரத்தில் அவர் கட்டாத கோயிலில்லை. ஒவ்வொரு திருவிழாவும் அந்த எட்டுப் பாட்டுகளில் ஒன்றோடுதான் தொடங்குகிறது. யார் பாட்டு என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் அது கேட்டால் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியாயிற்று என்று நாலு ஊருக்கும் தெரியும்.

அதற்குள் உதவியாள் பொத்தானை அழுத்திவிட்டான் போலும். திடல் அதிர்ந்தது. முதற்பாட்டு. நாங்கள் மூன்று நிமிடம் கேட்டு நிறுத்திய அதே பாட்டு. கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அவர்களில் ஒருத்தியின் தலை மட்டும் தாளத்துக்கு ஆடியது. பிள்ளைகள் ஒலிபெருக்கியின் எதிரே நின்று, மார்பு அதிர்கிறதா என்று கைவைத்துப் பார்த்தார்கள். மூன்று நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பாட்டில் என்ன வருகிறது என்பதை அன்றுதான் கேட்டோம். தாளம் திடீரென விலகி, நெளியும் குரல் மட்டும் தனியே நின்று, பின் தாளம் மெல்ல மெல்லத் திரும்பிவருகிறது, வெளியே போனவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்புவதுபோல். அதை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஐந்தரை மணி ஏரிக்கரை.

பாட்டு முடிந்ததும் அவர் எங்களைப் பார்க்காமல், ஒரு கம்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு எத்தனாவது வரைக்கும்யா கேட்டீங்க?"

பொய் சொல்லும் வயதைக் கடந்துவிட்டோம். முதற்பாட்டில் மூன்று நிமிடம் என்றோம்.

"அப்ப அப்பா வரலையே," என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னார். "அவரு ஆறாவதுலதான் வருவாரு."

மனிதன் இல்லை என்று நாங்கள் சொன்ன தகட்டில் அவருடைய தந்தை இருந்திருக்கிறார். வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தி, கணினியோடு வந்த மலிவான மைக்கை ஒரு சொம்புக்குள் நிறுத்திவைத்துப் பதிவு செய்தாராம். தந்தை போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வாசித்ததற்கு வேறு பதிவு கிடையாது.

இளையவர் உணர்ச்சிவசப்பட்டு, எட்டையும் வெளியிட்டுவிடலாம், முன்னுரை எழுதித் தருகிறோம் என்றெல்லாம் பேசினார். அந்த டச்சுக்காரரின் நினைப்பு அவருக்கு. எங்களுக்கே சற்றுக் கூச்சமாயிருந்தது. நண்பர் சிரித்தார். "பாப்பம்யா. பேரு மட்டும் நல்லா வெச்சேன் இல்ல?" என்றார். 'மருள்' என்பது டிரான்ஸுக்குச் சரியான தமிழ்தான் என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

ஆறாவதைப் போடச் சொன்னோம். அவர் தயங்கினார். அதை மட்டும் திடலில் போடுவதில்லையாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் சோதனைக்கு அதைப் போட்டபோது, காப்புக் கட்டும் முன்னரே, பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவருக்கு அருள் வந்துவிட்டது. கற்பூரம் இல்லை, வேப்பிலை இல்லை, பூசாரியும் வந்திருக்கவில்லை. அவரை மலையேற்றுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. பூசாரி வந்து, "ஒங்கப்பனை அவன் நேரத்துக்குத்தான்டா கூப்பிடணும்" என்று திட்டினாராம்.

ஆகவே எங்களைத் தம் வண்டிக்குள் அழைத்துப் போனார். கம்பிச் சுருள்களுக்கும் விளக்குச் சரங்களுக்கும் நடுவே மடிக்கணினியை வைத்தார். காதுக்கருவி ஒன்றுதான் இருந்தது. ஒருவர் கேட்க மற்ற இருவரும் காத்திருந்தோம். கேட்பவர் முகத்தை மற்றவர்கள் பார்க்காதிருக்க முயன்றோம். ஏழு நிமிடப் பாட்டு. மூவரும் கேட்டு முடிக்க இருபது நிமிடத்துக்கு மேலாயிற்று. அவர் வெளியே நின்று பீடி குடித்தார்.

பெட்டியின் நெளிவுதான் முதலில். இரண்டு நிமிடம் அது மட்டும். பிறகு எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் உடுக்கை. கயிற்றை நெரிக்க நெரிக்க ஏறி, பெட்டியின் குரலைத் தொட்டு, அதனோடு இழைந்து, எது தோல் எது மின்சாரம் என்று பிரிக்க முடியாத இடத்துக்குப் போகிறது. அதன்பின் பம்பை. பெட்டி ஒருபோதும் முந்துவதில்லை, பிந்துவதில்லை. மனிதர் முந்துகிறார், பிந்துகிறார், மறுபடி வந்து சேர்கிறார். சேரும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது. இறுதியில் பெட்டி நிற்கிறது. பம்பை மட்டும் நாலு சுற்றுப் போய் நிற்கிறது. அதை வெட்டி எறியாமல் விட்டிருக்கிறார். ஒரு நாய் குரைக்கும் ஓசை. கழிகளைத் தரையில் வைக்கும் ஓசை. பிறகு வயதான ஒரு குரல் கேட்கிறது: "போதுமாடா?"